கல்லுக்கும் தோல் உண்டு

கருங்கல்லுக்கு என்ன ஆகிவிடப் போகிறது என்ற நினைப்பில்தான் மதுரையில் சிற்பங்கள் தேய்கின்றன. மலை நிற்கும். மலையில் செதுக்கிய முகம் அப்படி நிற்காது. நாம் சிற்பம் என்று பார்ப்பது உளி கடைசியாகத் தொட்ட மேற்பரப்பை மட்டுமே. கண்ணிமையின் கோடு, ஆரத்தின் முத்து, ஆடை மடிப்பு எல்லாம் அந்த மெல்லிய தோலில் இருக்கின்றன. அது போய்விட்டால் மிச்சம் பாறைதான்.

கைபடும் உயரத்தில் உள்ள எந்தக் கோயில் தூண் சிற்பத்தையும் பக்கத்தில் போய்ப் பாருங்கள். முழங்கால், மார்பு, யாளியின் பல் ஆகியவை கறுத்து வழவழப்பாகியிருக்கும். எட்டாத உயரத்தில் உளித்தடம் அப்படியே தெரியும். உள்ளங்கை எண்ணெய் கல்லின் நுண்துளைக்குள் இறங்கி, தூசியையும் விளக்குப் புகையையும் பிடித்துவைத்துக்கொள்கிறது. பிறகு அந்தக் கறையை எடுக்க இரும்பு பிரஷ்ஷும் ஆசிட்டும் வருகின்றன. எண்ணெய் செய்த சேதத்தைவிட இந்தத் துடைப்பு செய்யும் சேதம் பெரிது. மூலவருக்கு நடக்கும் அபிஷேகம் ஆகம வழி; அதைப் பற்றி இங்கே பேச்சில்லை. வழிபாட்டில் இல்லாத தூண் சிற்பத்துக்கும் குகைப் புடைப்புச் சிற்பத்துக்கும் குங்குமம் அப்புவது, கற்பூரம் கொளுத்துவது பற்றித்தான் சொல்கிறோம்.

கற்பூரத்தைச் சின்ன நெருப்பு என்று விட்டுவிட முடியாது. கருங்கல்லில் உள்ள தாதுக்கள் சூட்டில் ஒரே அளவாக விரிவதில்லை. ஒன்றையொன்று தள்ளி, மேற்பரப்பு செதில் செதிலாக உரியும். 2018 பிப்ரவரி 2-இல் மீனாட்சியம்மன் கோயில் வீர வசந்தராயர் மண்டபத்தில் பிடித்த தீ, கல் தூண்களையும் கூரையையும் என்ன செய்தது என்பதை ஊரே பார்த்தது. சிற்பத்தின் காலடியில் தினமும் எரியும் அகல் அதே வேலையைக் கொஞ்சம் கொஞ்சமாகச் செய்கிறது.

இசைத்தூணைக் காசால் தட்டுகிறவர்களும் உண்டு. ஒரே கல்லைக் குடைந்து எடுத்த மெல்லிய சிறு தூண்கள் அவை. தட்டிய இடத்தில் வெள்ளைப் புள்ளி விழுந்தால், அங்கே கல்லின் மணிகள் நொறுங்கிவிட்டன என்று அர்த்தம். உள்ளே விரிசல் ஓடிவிட்டால் நாதம் மங்கும். பிறகு அது திரும்பாது.

கல்வெட்டுகளின் கதி இன்னும் மோசம். மாங்குளம் குகைத்தளத்தில் பாண்டிய மன்னன் நெடுஞ்செழியன் பெயர் தமிழி (தமிழ்-பிராமி) எழுத்துப் பொறிப்பாக நிற்கிறது. வயது இரண்டாயிரம் ஆண்டுக்கு மேல். கீழக்குயில்குடி சமணர் மலையில் செட்டிப்புடவிலும் பேச்சிப்பள்ளத்திலும் தீர்த்தங்கரர் உருவங்களும், செய்வித்தவர் பெயர் சொல்லும் வட்டெழுத்தும் (பழைய தமிழ் எழுத்து வடிவம்) உள்ளன. எழுத்து தெரியவில்லை என்று சாக்பீஸால் தேய்க்கிறார்கள். கல்லில் இயற்கையாகவே சிறு குழிகள் உண்டு. சாக்பீஸ் தூள் அந்தக் குழியையும் நிரப்பினால், இல்லாத புள்ளி முளைத்துவிடும். தமிழியில் மெய்யெழுத்துக்குப் புள்ளி இருக்கிறதா இல்லையா என்பது காலத்தைக் கணிக்கும் தடயங்களில் ஒன்று. விரிசலின் மேல் இழுத்த கோடும் அப்படித்தான், அடுத்து வருகிறவர் கண்ணுக்கு எழுத்தாகிவிடும். வெட்டியவர் எழுதியதை விட்டுவிட்டுத் தேய்த்தவர் எழுதியதை அவர் படித்துக்கொண்டிருப்பார்.

சாக்பீஸ் தேவையே இல்லை, ஒரு டார்ச் போதும். எழுத்துக்கு நேராக அடித்தால் ஒன்றும் தெரியாது. பக்கவாட்டில் நின்று, பாறையை ஒட்டி ஒளி வழுகிப் போகும்படி பிடியுங்கள். சாய்வு 10 முதல் 15 டிகிரி இருக்கட்டும். டார்ச் பாறையில் படக் கூடாது. ஒரு பக்கம் நிழல் விழுந்து வெட்டு எழும்பி வரும். அடுத்து எதிர்ப்பக்கத்திலிருந்து அடித்துப் பாருங்கள். முதலில் மறைந்திருந்த கோடுகள் இப்போது தெரியும். இரண்டையும் போட்டோ எடுத்து வீட்டில் ஒப்பிடலாம். திறந்த வெளியில் காலை, மாலைச் சாய்வெயிலே இந்த வேலையைச் செய்துவிடும். உச்சி வெயிலில் போனால் சிற்பம் தட்டையாகத்தான் தெரியும், பாறையும் காலைச் சுடும். தாளை ஒட்டி மைப்படி (மை ஒற்றி எடுக்கும் நகல்) எடுப்பது பயிற்சியும் அனுமதியும் உள்ளவர்கள் வேலை.

திருமலை நாயக்கர் மகாலில் பிரச்சினை வேறு. அங்கே அலங்காரம் பெரும்பாலும் செங்கல் மேல் பூசிய சுண்ணாம்புச் சுதை. சாவியால் கீறிய பெயரின் வழியே ஈரம் இறங்கும். உலரும்போது உள்ளிருக்கும் உப்பு படிகமாகி வெளியே தள்ளும். கீறலைச் சுற்றிப் பூச்சு பொருமி, உள்ளங்கை அளவுக்குப் பெயர்ந்து விழும். மேலே வெள்ளையடித்தால் கீறல் மறையும், உப்பு மறையாது.

அருங்காட்சியகத்துக்குள் கல்லைவிடத் துணிக்கும் தாளுக்கும்தான் பயப்பட வேண்டும். தமுக்கம் அரண்மனையில் உள்ள காந்தி அருங்காட்சியகத்தில், அவர் சுடப்பட்டபோது அணிந்திருந்த ரத்தக்கறைத் துணி இருக்கிறது. இத்தகைய துணிகளுக்கு 50 லக்ஸ் (வெளிச்சத்தை அளக்கும் அலகு) வெளிச்சமே பொதுவான வரம்பு. அறை மங்கலாக இருக்கிறதே என்று குறைப்பட வேண்டாம், காரணத்தோடுதான் அப்படி வைக்கிறார்கள். வாசலில் ஐந்து நிமிடம் நின்றால் கண் பழகிவிடும். ஃப்ளாஷ் வேண்டாம், அது கண்ணாடியில் பட்டு உங்கள் முகத்தைத்தான் படம் பிடிக்கும்.

கீழடி அருங்காட்சியகத்தில் பானை ஓட்டின் எழுத்தைப் பார்க்கும்போது கீறலின் விளிம்பைக் கவனியுங்கள். விளிம்பு பொரிந்து உதிர்ந்திருந்தால் சுட்ட பிறகு கீறியது. வழவழப்பாக, ஓரத்தில் மண் சற்று ஒதுங்கியிருந்தால் ஈரமண்ணில் எழுதியது.

பிள்ளைகளைக் கூட்டிப்போனால் முதுகுப்பையை முன்பக்கம் மாட்டச் சொல்லுங்கள். கூட்டத்தில் திரும்பும்போது சிற்பத்தின் மூக்கையும் விரலையும் இடிப்பது பெரும்பாலும் பைதான்.

புதிய கிறுக்கலோ பெயின்டோ கண்ணில் பட்டால் தண்ணீர் ஊற்றித் துடைக்காதீர்கள், நிறம் இன்னும் உள்ளே இறங்கும். ஒரு முழுப்படம், ஒரு கிட்டப்படம், தேதி, இடம். இவற்றை அங்குள்ள காவலரிடமோ தொல்லியல் துறை அலுவலகத்திலோ கொடுங்கள். சமணர் மலை மத்தியத் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ளது. அங்கே சிதைத்தவருக்கு இரண்டு ஆண்டு வரை சிறை, ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டுமே விதிக்கச் சட்டத்தில் இடம் உண்டு. பெயின்ட் புதிதாக இருக்கும்போதே தகவல் போனால் கல்லைச் சுரண்டாமல் எடுக்க வழியிருக்கும்.