ஜீ-வன் திட்டம்: வைக்கோலுக்கான பணம் யாருக்குப் போகிறது?

பெயரில் ‘ஜீவன்’ ஒலிப்பதால் ஆயுள் காப்பீடு என்று எண்ணிவிட வேண்டாம். பிரதமரின் ஜீ-வன் திட்டம், பயிர்க்கழிவிலிருந்து எரிபொருளாகும் எத்தனால் என்ற சாராயத்தை எடுக்கும் ஆலைகளுக்கானது. 1,969.50 கோடி ரூபாய் ஒதுக்கீட்டில் 2019 பிப்ரவரியில் மத்திய அரசு ஒப்புதல் தந்தது. 2024 ஆகஸ்டில் அதைத் திருத்தி 2028-29 வரை நீட்டித்திருக்கிறது.

ஆலைக்கு ஏன் அரசுப் பணம்? கரும்புப் பாகுக்கழிவில் ஈஸ்ட்டைப் போட்டால் தானே புளித்துச் சாராயமாகும். வைக்கோலிலும் சர்க்கரை உண்டு. ஆனால் அது செல்லுலோஸ் நாராக இறுகிக் கிடக்கிறது. மேலே லிக்னின் என்ற கெட்டிப் பொருளின் பூச்சு வேறு. மாட்டின் வயிற்றிலுள்ள நுண்ணுயிர்கள் அந்த நாரைப் பிரித்துவிடும், ஈஸ்ட்டால் முடியாது. அதனால் வைக்கோலை நறுக்கி, மண் போக்கி, நீர்த்த அமிலம் சேர்த்து, உயர் அழுத்த நீராவியில் வேகவைக்கிறார்கள். இதுதான் முன்பதப்படுத்தல். நார் இளகிய பிறகே நொதிகள் உள்ளே புகுந்து சர்க்கரையைப் பிரிக்கும். வேக்காடு குறைந்தால் நொதிக்கு வழி கிடைக்காது. கூடினால் சர்க்கரையே சிதைந்து ஃபர்ஃபுரால் என்ற வேதிப்பொருள் உண்டாகி ஈஸ்ட்டை முடக்கும். அமிலம் அரிக்காத கலன்கள் வேண்டும். வைக்கோலின் சிலிக்கா இயந்திரத்தைத் தேய்க்கும். செலவு ஏறுவது இங்கேதான்.

ஆலை கட்டுப்படியாவதற்குப் பற்றாமல் போகும் தொகையை இத்திட்டம் ஈடுசெய்கிறது. வணிக ஆலைக்கு உச்சவரம்பு 150 கோடி, தொழில்நுட்பத்தைச் செய்துகாட்டும் செயல்விளக்க ஆலைக்கு 15 கோடி. உதவி பெறும் ஆலை, எத்தனாலை எண்ணெய் நிறுவனங்களுக்கே தர வேண்டும். அது பெட்ரோலில் கலக்கப்படும். 2024 திருத்தத்துக்குப் பின், ஏற்கெனவே ஓடும் ஆலையோடு புதுப் பிரிவை இணைப்பவர்களும் விண்ணப்பிக்கலாம்.

எடுத்துக்காட்டாக, ஹரியானாவின் பானிபட்டில் இத்தகைய இந்தியன் ஆயில் ஆலை 2022 ஆகஸ்ட் 10 அன்று நாட்டுக்கு அர்ப்பணிக்கப்பட்டது. ஆண்டுக்கு 2 லட்சம் டன் வைக்கோலில் சுமார் 3 கோடி லிட்டர் எத்தனால் எடுக்கும் திறன் கொண்டது.

உழவர் இதில் நேரடியாக விண்ணப்பிக்க இடமில்லை. எனக்கு இது குறையாகவே படுகிறது. அவருக்கானது பயிர்க்கழிவு மேலாண்மைத் திட்டம். பஞ்சாப், ஹரியானா போன்ற மாநிலங்களில் தனி உழவருக்குக் கருவி விலையில் 50 சதவீத மானியம் உண்டு. வைக்கோல் சேகரித்து ஆலைக்கு அனுப்பும் பணிக்கான இயந்திரங்களுக்கு, 2023 திருத்தப்படி அரசு 65 சதவீதமும் ஆலை 25 சதவீதமும் ஏற்க, உழவர் குழு 10 சதவீதம் போட்டால் போதும்.

வைக்கோல் விலையை ஜீ-வன் திட்டம் நிர்ணயிப்பதில்லை. கட்டுக் கட்டும் செலவும் வண்டிக்கூலியும் யார் தலையில் என்பதை அறுவடைக்கு முன்பே பேசி எழுதிக்கொள்ளுங்கள். நெல் அறுத்துக் கோதுமை விதைக்க இரண்டு மூன்று வாரமே இருக்கும் ஊரில், பிறகு பேரம் பேச நேரம் கிடைக்காது.