வெல்லப்பாகும் காலப் பயணமும்

போன மாதம் கல்லூரி மாணவர் ஒருவர் கேட்டிருந்தார்: "சார், மைக்ரோவேவ் அடுப்பை வைத்து நேற்றைக்கு ஒரு எஸ்எம்எஸ் அனுப்ப முடியுமா?" கேலி செய்கிறார் என்று நினைத்தேன். இல்லை, 'ஸ்டைன்ஸ் கேட்' என்ற ஜப்பானிய அனிமே தொடரைப் பார்த்துவிட்டுக் கேட்டிருக்கிறார். 2011இல் வந்த தொடர். எனக்குத்தான் புதிது. பார்க்காமல் பதில் சொல்வது நியாயம் இல்லை என்பதால் உட்கார்ந்துவிட்டேன். இதுவரை ஆறு எபிசோடு ஆகியிருக்கிறது.

தோக்கியோவின் அகிஹபாரா பகுதி. வெளிறிய நிறங்கள், சில்வண்டு இரைச்சல், கொளுத்தும் கோடை. பழைய டிவி பெட்டிக் கடைக்கு மேல் மாடியில் ஒரு 'ஆய்வகம்'. அதன் தலைவர் ஒகாபே, யாரும் பேசாத செல்போனைக் காதில் வைத்துக்கொண்டு சதித்திட்டம் பற்றிப் புலம்பும் ஆசாமி. முதல் இரண்டு எபிசோடில் கதை நகரவே இல்லை, பொறுமை போய்விட்டது. மூன்றாவதிலிருந்துதான் பிடித்தது. காரணம், இவர்கள் தப்பாக ஏதோ செய்து, அது ஏன் நடந்தது என்று தெரியாமல், திரும்பத் திரும்பச் செய்து பார்க்கிறார்கள். அடுப்பில் வைத்த வாழைப்பழம் பச்சைக் கூழாகிறது. சரி, இன்னொரு பழம் வை. உண்மையான ஆய்வகங்களும் ஏறக்குறைய இப்படித்தான் இருக்கும்.

கேள்விக்கு வருவோம். அடுப்பின் அலை 2.45 கிகாஹெர்ட்ஸ், நீளம் 12 சென்டிமீட்டர். உங்கள் வைஃபையும் இதே அலைவரிசையை ஒட்டித்தான் இயங்குகிறது. தண்ணீர் மூலக்கூறுகளை ஆட்டிச் சூடாக்கும், அவ்வளவுதான். கதைக்கும் இது தெரியும். அதனால் 'செர்ன்' என்ற ஐரோப்பியத் துகள் இயற்பியல் ஆய்வு நிறுவனத்தை, முதல் எழுத்தை மட்டும் லேசாக மாற்றி, உள்ளே கொண்டு வருகிறது. அங்கே துகள்களை மோதவிட்டுக் குட்டிக் கருந்துளைகள் செய்கிறார்களாம். ஜெனீவா அருகே 27 கி.மீ. வளையத்தில் நிஜ செர்ன் 2010இல் மோதவிட்ட ஆற்றல் 7 டெரா எலக்ட்ரான் வோல்ட். ஏழு கொசுக்கள் பறக்கும் ஆற்றல்தான் அது. நமக்குத் தெரிந்த ஈர்ப்பு விதிப்படி கருந்துளை உண்டாக இன்னும் ஆயிரம் லட்சம் கோடி மடங்குக்கு மேல் வேண்டும்.

2008 செப்டம்பர் 10 ஞாபகம் இருக்கிறதா? செர்னின் அந்த வளைய இயந்திரத்தில் முதல் துகள் கற்றை சுற்றிய நாள். அதில் கருந்துளை உண்டாகி உலகம் அன்றைக்கு அழியும் என்று நம் டிவிக்காரர்கள் நாள் முழுக்க ஓட்டினார்கள். எங்கள் தெருவில் ஒருவர் பெண்ணின் நிச்சயதார்த்தத்தையே தள்ளி வைத்தார். விண்ணிலிருந்து வரும் காஸ்மிக் கதிர்கள் அதைவிடப் பெரிய மோதல்களைப் பல நூறு கோடி ஆண்டுகளாகப் பூமியின் வளிமண்டலத்தில் நடத்திக்கொண்டுதான் இருக்கின்றன. இதைச் சொல்ல அரை நிமிடம் போதும். அந்த அரை நிமிடத்தை எந்தச் சானலும் கொடுக்கவில்லை. இன்றுவரை எனக்கு ஆறவில்லை.

தொடரில் என்னை நிமிர்ந்து உட்கார வைத்தது வேறு ஒரு சொல்: கெர் கருந்துளை. இது கற்பனை இல்லை. நியூசிலாந்தைச் சேர்ந்த ராய் கெர் 1963இல் ஐன்ஸ்டைனின் சமன்பாடுகளுக்குக் கண்டுபிடித்த தீர்வு. சாதாரணக் கருந்துளை அல்ல, சுழலும் கருந்துளை. சுழல்வதால் என்ன? அங்கேதான் விஷயமே இருக்கிறது.

அதிரசத்துக்கு வெல்லப்பாகு காய்ச்சும்போது நடுவில் கரண்டியை நிறுத்தி, நகர்த்தாமல், நின்ற இடத்திலேயே உருட்டிப் பாருங்கள். ஒட்டியிருக்கும் பாகு கரண்டியோடு சுற்றும். தள்ளிப் போகப் போக மெதுவாகும். பாகில் மிதக்கும் ஏலக்காய் தன்பாட்டுக்கு ஊர்ந்து போகும். அதை யாரும் தள்ளவில்லை. அது இருக்கும் பாகு நகர்கிறது, அதுவும் நகர்கிறது. சுழலும் எந்தப் பொருளும் தன்னைச் சுற்றியுள்ள வெளியை, அதாவது ஸ்பேஸை, இப்படி இழுக்கிறது என்று லென்ஸ், திர்ரிங் என்ற இரண்டு விஞ்ஞானிகள் 1918இலேயே கணக்குப் போட்டார்கள். கருந்துளை மட்டும் இல்லை. நாம் நிற்கும் பூமியும் இழுக்கிறது.

இழுக்கிறது என்றால் அளந்து காட்டு என்பீர்கள். காட்டினார்கள். அந்தக் கதையை நான் எத்தனை முறை சொன்னாலும் அலுக்காது.

பம்பரத்தின் அச்சை யாரும் தொடாவிட்டால் அது காட்டும் திசை மாறாது. ஒரு பம்பரத்தை விண்வெளியில் சுழலவிட்டு, அச்சை ஒரு நட்சத்திரத்தை நோக்கி நிறுத்தினால், நியூட்டன் கணக்கில் அது எப்போதும் அந்த நட்சத்திரத்தையே காட்டும். பூமி வெளியை இழுப்பது உண்மையானால் அச்சு மெல்லத் திரும்ப வேண்டும். எவ்வளவு? ஆண்டுக்கு ஒரு டிகிரியில் சுமார் தொண்ணூறாயிரத்தில் ஒரு பங்கு. நானூறு மீட்டர் தள்ளி நின்று ஒரு தலைமயிரின் பருமனைப் பார்க்கிற கோணம்.

நாசாவும் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகமும் சேர்ந்து 2004 ஏப்ரலில் அனுப்பிய 'கிராவிட்டி புரோப் பி' செயற்கைக்கோளில் நான்கு பம்பரங்கள் இருந்தன. பிங்பாங் பந்து அளவில், குவார்ட்ஸில் கடைந்த உருண்டைகள். எவ்வளவு உருண்டை என்றால், அதைப் பூமி அளவுக்கு ஊதினால் மிக உயர்ந்த மலைக்கும் மிக ஆழமான பள்ளத்துக்கும் இடையே இரண்டரை மீட்டர்கூட இருக்காது.

இங்கே ஒரு சிக்கல் வருகிறது. அப்பழுக்கில்லாத உருண்டை, அதில் ஒரு புள்ளி கிடையாது, கோடு கிடையாது. அது எந்த அச்சில் சுழல்கிறது என்று எப்படிப் பார்ப்பது? ஒரு அடையாளம் போட்டால் எடை ஒரு பக்கம் கூடிப் பம்பரம் கெட்டுவிடும்.

அவர்கள் செய்தது இதுதான். உருண்டைக்கு நயோபியம் என்ற உலோகத்தால் மெல்லிய பூச்சு கொடுத்தார்கள். திரவ ஹீலியத்தால் மைனஸ் 271 டிகிரிக்குக் குளிர்வித்தார்கள். அந்தக் குளிரில் நயோபியம் மீக்கடத்தி ஆகிவிடும், மின்தடையே இருக்காது. மீக்கடத்தி சுழலும்போது அதன் மேற்பரப்பை ஒட்டிய எலக்ட்ரான்கள் அணுக்களோடு சேர்ந்து ஓடாமல் துளியூண்டு பின்தங்குகின்றன. பேருந்து சட்டென்று கிளம்பும்போது நின்றுகொண்டிருப்பவர் பின்னால் சாய்கிற மாதிரி. அந்தச் சின்னப் பின்தங்கல் ஒரு மின்னோட்டம், மின்னோட்டம் இருந்தால் காந்தப்புலம் இருக்கும். அந்தக் காந்தப்புலத்தின் அச்சு, சுழல் அச்சோடு அச்சுப் பிசகாமல் ஒன்றியிருக்கும்! தொடாமலே, குறி வைக்காமலே, உருண்டை தன் அச்சைத் தானே சொல்லிவிடுகிறது. எனக்கு இயற்பியலில் இவ்வளவு பிடித்த தந்திரம் வேறு இல்லை.

முடிவு சுலபமாக வரவில்லை. உருண்டைகளின் பூச்சிலும் அவற்றைச் சுற்றிய கூட்டிலும் நிலைமின்சாரத் திட்டுகள் இருந்து அச்சைத் தள்ளியிருக்கின்றன. அந்த அழுக்கைக் கணக்கிலிருந்து கழுவ ஐந்து ஆண்டுகளுக்கு மேல் பிடித்தது. 2011 மே மாதம் அறிவித்தார்கள்: எதிர்பார்த்தது ஆண்டுக்கு 39.2 மில்லி விகலை (விகலை என்பது ஒரு டிகிரியில் 3600இல் ஒரு பங்கு, மில்லி விகலை அதிலும் ஆயிரத்தில் ஒன்று), கிடைத்தது 37.2, பிழை 7.2 கூடலாம் குறையலாம். இந்த அனிமே ஜப்பானில் வாரா வாரம் ஒளிபரப்பாகிக்கொண்டிருந்த அதே மாதம்.

யோசனை பிறந்தது 1960 வாக்கில். சுமார் 75 கோடி டாலர் செலவு. நடுவில் பல முறை நிறுத்தப் பார்த்தார்கள், 2008இல் நாசா பணம் கொடுப்பதையும் நிறுத்தியது. கண்ணாடித் துண்டுகள் பதித்த லாஜியோஸ் என்ற உருண்டைச் செயற்கைக்கோள்களில் லேசர் பாய்ச்சி இதே விளைவை 2004இலேயே சிலர் மலிவாக அளந்துவிட்டார்களே, இவ்வளவு பணம் எதற்கு என்று கேட்பவர்கள் உண்டு. நியாயமான கேள்விதான். ஆனால் அந்த மலிவான அளவீட்டின் பிழைக்கணக்கை எல்லோரும் ஒப்புக்கொள்ளவில்லை. ஒரே விஷயத்தை இரண்டு வழியில் அளப்பதை வீண் செலவு என்று என்னால் சொல்ல முடியாது. மூன்று ஆண்டுத் திட்டத்துக்கு மட்டும் பணம் தரும் அமைப்புகளிடம் இந்தக் குவார்ட்ஸ் உருண்டை ஒருநாளும் உருவாகியிருக்காது.

சரி, காலப் பயணம்? பூமி வெளியை இழுப்பது மயிரிழை. கெர் கருந்துளை இழுப்பது வெள்ளம். அதன் அருகே ஒரு எல்லைக்குள் போனால் ராக்கெட்டை எவ்வளவு முடுக்கினாலும் ஒரே இடத்தில் நிற்க முடியாது, சுற்றித்தான் ஆக வேண்டும். இழுபடுவது வெளி மட்டும் இல்லை, காலமும் சேர்ந்த காலவெளி. ஒளி எந்தெந்தப் பக்கம் போக முடியுமோ அந்தக் கூம்புக்குள்தான் நம் எதிர்காலம் இருக்கிறது. சுழலும் நிறைக்கு அருகே அந்தக் கூம்பு சுழலும் பக்கமாகச் சாய்கிறது. உள்ளே, வளைய வடிவ மையத்தை ஒட்டி, கூம்பு சாய்ந்து சாய்ந்து, 'சுற்றி வருவது' என்பதே 'எதிர்காலத்துக்குப் போவது' என்று ஆகிவிடுகிறது. ஒரு சுற்றுச் சுற்றி வந்தால் கிளம்பிய இடத்துக்கு மட்டும் இல்லை, கிளம்பிய நேரத்துக்கே வந்து நிற்பீர்கள். கணக்கு இதை அனுமதிக்கிறது.

இயற்கை அனுமதிக்குமா என்பது வேறு. உள்ளே விழும் சிறு ஒளிகூட அங்கே கட்டுக்கடங்காத ஆற்றலாகப் பெருகி, அந்த உள்கட்டமைப்பையே நொறுக்கிவிடும் என்று 1990இல் எரிக் பாய்சன், வெர்னர் இஸ்ரேல் என்ற இரண்டு இயற்பியலாளர்கள் காட்டினார்கள். இயற்பியல் விதிகள் இத்தகைய சுற்றுகளைத் தடுத்தே தீரும் என்பது ஹாக்கிங் 1992இல் முன்வைத்த ஊகம். நிரூபணம் இன்னும் இல்லை. நான் ஹாக்கிங் பக்கம்தான், ஆனால் பந்தயம் கட்ட மாட்டேன்.

மாணவர் இன்னொன்றும் கேட்டிருந்தார்: அனுப்ப முடிந்தால் நீங்கள் என்ன அனுப்புவீர்கள்? கதையில் கடந்த காலத்துக்குப் போகும் செய்திக்கு 36 பைட்தான் இடம், ஜப்பானிய எழுத்தில் 18. நம் யூனிகோடு தமிழில் எழுத்துக்கும் துணைக்குறிக்கும் தனித்தனியே மூன்று மூன்று பைட் போய்விடும். 'காலம்' என்று எழுதவே 15. மூன்றாவது வார்த்தைக்குள் தீர்ந்துவிடுகிறது. உட்கார்ந்து எண்ணிப் பார்த்ததில் 'முதல் 2 தவிர்' என்பது 33 பைட்டில் அடங்குகிறது. தொடரைத் தொடங்கிய அன்றைக்கு எனக்கே அனுப்பிக்கொள்வேன்.