அப்பத்தாவின் கறுப்புப் பொட்டும் ஒரு ஹரிக்கேன் விமானமும்

எங்கள் வீட்டுக் கூடத்தில் அப்பத்தாவின் கல்யாணப் படம் மாட்டியிருக்கிறது. 1943-இல் மதுரையில் ஒரு ஸ்டூடியோவில் எடுத்தது. அதில் அவருடைய நெற்றிப் பொட்டு மைக்கறுப்பு. முகூர்த்தத்தன்று யாரும் கறுப்புப் பொட்டு வைத்துக்கொள்ள மாட்டார்கள், அது குங்குமம்தான். கழுத்தில் கிடக்கும் மஞ்சள் கயிறும் மஞ்சளுக்குரிய பளிச்சென்ற தோற்றமில்லாமல் மங்கிக் கிடக்கிறது. சின்ன வயதில் அந்தப் படத்தைப் பார்த்துப் பயந்திருக்கிறேன். இப்போது அதை வைத்துத்தான் விமானங்களுக்கு வண்ணம் அடிக்கிறேன்.

நான் பிளாஸ்டிக் விமான மாடல்கள் கட்டுபவன். மேசையில் பாதி ஒட்டிய நிலையில் ஒரு ஹாக்கர் ஹரிக்கேன் இருக்கிறது; இரண்டாம் உலகப் போரில் பறந்த பிரிட்டிஷ் போர் விமானம். உண்மையான விமானத்தில் 72-இல் ஒரு பங்கு. அசல் ஹரிக்கேனின் சிறகு முனைக்கு முனை 40 அடி; என்னுடையது 17 சென்டிமீட்டர். நான் தேர்ந்தெடுத்தது 79-ஆம் ஸ்குவாட்ரனின், அதாவது விமானப்படைப் பிரிவின், விமானம். சென்னை மாகாணம் போருக்குக் கொடுத்த நன்கொடையின் பேரில் பிரிட்டிஷ் விமானப்படை 79, 234, 264 ஆகிய மூன்று ஸ்குவாட்ரன்களுக்கு 'மெட்ராஸ் பிரெசிடென்சி' என்ற பெயரைச் சேர்த்தது. அவற்றில் 79 இந்தியாவுக்கே வந்து பர்மா முனையில் போரிட்டது. நம்மூர்க் காசும் அந்த நன்கொடையில் ஒட்டியிருக்கும் என்று நினைத்துக்கொள்வதில் எனக்கு ஒரு அற்ப சந்தோஷம்.

பெட்டியின் மேல் அச்சிட்ட படத்தைப் பார்த்து அடித்துவிட்டால் ஒரே மாலையில் வேலை முடிந்துவிடும். நானும் ஒருகாலத்தில் அப்படித்தான் செய்தேன். பள்ளிக்கூடக் கண்காட்சிக்கு ஒரு ஹரிக்கேனைக் கட்டி, தேசப்பற்று பொங்க, காவி வெள்ளை பச்சை வட்டங்களை ஒட்டிக்கொண்டு போனேன். பார்க்க வந்த ஓய்வுபெற்ற விமானப்படைக்காரர் ஒருவர் குனிந்து பார்த்துவிட்டு, "தம்பி, இந்தச் சின்னம் 1950-இல் வந்தது. அதற்குள் இந்த விமானத்தைப் பேரீச்சம்பழத்துக்குப் போட்டிருப்பார்கள்" என்றார். போர்க்காலத்தில் இந்திய விமானப்படையும் பிரிட்டிஷ் குறிகளையே தாங்கியது என்பதும், 1947 முதல் 1950 வரை அசோகச் சக்கரம் இருந்தது என்பதும் அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது.

சரி, 1943-இல் என்ன நிறம்? கையில் இருப்பவை கறுப்பு வெள்ளைப் படங்கள். அவற்றைப் படிக்க அப்பத்தாவின் பொட்டுக்குத் திரும்ப வேண்டும்.

பிலிம் என்பது ஜெலட்டினில் பரப்பிய வெள்ளி உப்புத் துகள்கள். ஒளி பட்டால் அவை மாறுகின்றன. ஆனால் எல்லா ஒளிக்கும் அவற்றை மாற்றும் தெம்பு கிடையாது. நீல ஒளியின் ஒவ்வொரு துணுக்கிலும் ஆற்றல் அதிகம், சிவப்பில் குறைவு. சாயம் எதுவும் சேர்க்காத வெள்ளி புரோமைடுக்குச் சுமார் 500 நானோமீட்டருக்கு மேற்பட்ட ஒளி இருட்டுக்குச் சமம். 1873-இல் ஹெர்மன் வில்ஹெல்ம் ஃபோகல் என்ற ஜெர்மானிய வேதியியலாளர், பொருத்தமான சாயத்தைத் துகள்களில் ஏற்றினால் அந்தச் சாயம் பச்சை ஒளியை வாங்கி உப்புக்குக் கைமாற்றிவிடுகிறது என்று கண்டார். இப்படிப் பச்சை வரைக்கும் பார்வை நீட்டப்பட்ட பிலிமை ஆர்த்தோகுரோமாட்டிக் என்பார்கள். சிவப்பையும் பார்க்கும் வகை பான்குரோமாட்டிக், அதாவது எல்லா நிறத்துக்கும் கண் திறந்தது.

பான் பிலிம் வந்த பிறகும் ஸ்டூடியோக்காரர்கள் பலர் ஆர்த்தோவை விடவில்லை. காரணம் எளிது. சிவப்பு அதற்குத் தெரியாது என்பதால் இருட்டறையில் சிவப்பு விளக்கை எரியவிட்டு, கண்ணால் பார்த்துக்கொண்டே கழுவலாம். அந்த வசதிக்கு விலையாகக் குங்குமம் கறுப்பானது, உதடு கறுத்தது, நம்முடைய மாநிறம் இரண்டு படி இறங்கியது. ஸ்டூடியோவில் முகத்துக்குப் பவுடரை அப்பிவிட்டதற்கு அழகுணர்ச்சி மட்டும் காரணமில்லை.

இதே கண்ணோடு விமானத்தைப் பாருங்கள். பிரிட்டிஷ் பயிற்சி விமானங்களின் வயிற்றில் அடித்த மஞ்சள், ஆர்த்தோ படத்தில் கருஞ்சாம்பலாகத் தெரியும். 1940-இல் பிரிட்டன் மீது ஜெர்மனி நடத்திய வான்போர்க் காலத்துப் படங்களில் உடலிலிருக்கும் வட்டக் குறியின் வெளி மஞ்சள் வளையம் கறுப்பு விளிம்பாகத் தெரிவதும், அதைப் பார்த்துப் பலர் குழம்புவதும் இதனால்தான். ஆகவே படத்தைக் கையில் எடுத்ததும் முதலில் எடைபோட வேண்டியது பிலிமை. வானம் வெளுத்து வெற்றுக் காகிதமாக இருக்கிறதா? அருகே நிற்கும் சிப்பாயின் உதடு மை தீட்டியதுபோல் இருக்கிறதா? இரண்டும் இருந்தால் பெரும்பாலும் ஆர்த்தோ. லென்ஸில் மஞ்சள் வடிகட்டி போட்ட பான் படத்தில் கதை தலைகீழ்: வானமும் நீலமும் இறங்கிப்போகும், சிவப்பு ஏறிவரும்.

இந்தியாவில் பறந்த விமானங்களுக்கு இது வெறும் ரசனைக் கேள்வி அல்ல. ஜப்பானியரின் சின்னம் சிவப்பு வட்டு. 1942 ஏப்ரல் 5-இல் கொழும்பிலும், மறுநாள் விசாகப்பட்டினத்திலும் காக்கிநாடாவிலும் அந்தச் சிவப்பு வட்டுகள் குண்டு போட்டுவிட்டுப் போயின. மதுரை விமானத்தளத்தைப் பிரிட்டிஷ் விமானப்படை பயன்படுத்தியதும் அதே 1942-இல்தான். சிவப்பு வட்டைக் கண்டால் சுடு என்று பழக்கப்பட்ட பீரங்கிக்காரர்களுக்கு, நடுவில் சிவப்பு வைத்த தன் பக்க விமானமும் இலக்காகிவிடும். அமெரிக்கர்கள் 1942 மே மாதம் தங்கள் நட்சத்திரத்தின் நடுவிலிருந்த சிவப்புப் புள்ளியை நீக்கினார்கள். அதே ஆண்டின் நடுப்பகுதியில் இந்தியாவிலிருந்த பிரிட்டிஷ் விமானங்களிலும் சிவப்பு ஒழிந்தது. அந்த இடத்தில் முதலில் வெள்ளை வந்தது. காட்டுக்கு மேலே வெள்ளை கண்ணைப் பறிக்கும் என்பதால் அதில் நீலத்தைக் கலந்து வெளிர்நீலமாக்கினார்கள். கரு நீலத்துக்குள் வெளிர் நீலம்: தென்கிழக்கு ஆசியக் கட்டளை என்ற நேசநாட்டுப் படைத் தலைமையின் கீழ்ப் பறந்த பிரிட்டிஷ் விமானங்களை அடையாளம் காட்டும் குறி இதுதான்.

இனி ஒரு சின்னத் துப்பறியும் வேலை. சிறகின் மேற்புறத்துப் பழைய குறியில் வெளியே நீலம், உள்ளே சிவப்பு. ஆர்த்தோ படத்தில் நீலம் வெளுக்கும், சிவப்பு கறுக்கும். நடுப்பகுதி சுற்றுவட்டத்தைவிடக் கருமையாக இருக்கும். புதிய குறியில் எந்தப் பிலிமில் எடுத்தாலும் நடுப்பகுதிதான் வெளிர்ந்திருக்கும். ஆகவே நடு கறுப்பாக இருக்கும் படம் மாற்றத்துக்கு முந்தியது. தேதி எழுதாத படத்துக்கு இப்படித் தேதி கண்டுபிடித்துவிடலாம். ஆனால் நடுவில் இருப்பது தூய வெள்ளையா, வெளிர் நீலமா? அதை ஆர்த்தோ பிலிமிடம் கேட்டுப் பயனில்லை. அதற்கு இரண்டும் ஒன்றுதான்.

இங்கேதான் ஏடுகள் கைகொடுக்கின்றன. எந்தப் பாகத்துக்கு எந்த வண்ணம் என்று அமைச்சகமும் படைத் தலைமையும் அனுப்பிய உத்தரவுகள். ஐரோப்பாவில் 1941 ஆகஸ்டில் பகல்நேரப் போர் விமானங்களின் 'டார்க் எர்த்' என்ற மண் நிறத்தை எடுத்துவிட்டு 'ஓஷன் கிரே' என்ற சாம்பலைக் கொண்டுவந்தார்கள். இந்தியாவில் மண் நிறமும் கரும்பச்சையும் தொடர்ந்தன. மத்தியக் கிழக்கிலிருந்து திருப்பிவிடப்பட்ட சில ஹரிக்கேன்கள் பாலைவன வண்ணத்திலேயே வந்து இறங்கின. இந்த 'டார்க் எர்த்' எந்த மண் என்று எனக்கு எப்போதும் ஒரு வேடிக்கை: திருமங்கலத்துக் கரிசலும் இல்லை, மேலூர்ப் பக்கத்துச் செம்மண்ணும் இல்லை. இங்கிலாந்தின் உழுத வயலை மனத்தில் வைத்துச் செய்த நிறம், பர்மா மூங்கில் காட்டுக்கு மேலே பறந்திருக்கிறது.

உத்தரவு வந்ததும் எல்லாம் ஒரே நாளில் மாறிவிடாது. நம் அலுவலகங்களுக்குச் சுற்றறிக்கை வந்து சேரும் வேகத்தை அறிந்தவர்கள் இதை எளிதில் நம்புவார்கள். வெளிர் நீலத்தைத் தளத்திலேயே கலக்கியபோது ஒரு தளத்து நீலம்போல் இன்னொரு தளத்து நீலம் இருந்திருக்க முடியாது. "ஹரிக்கேன் என்ன நிறம்?" என்ற கேள்வியே அரைகுறை. மீனாட்சியம்மன் கோயில் தெற்குக் கோபுரம் என்ன நிறம் என்று கேட்டால், 2009 கும்பாபிஷேகத்துக்குப் பூசிய மறுநாளா, பத்து வெயிலும் பத்து மழையும் கண்ட பிறகா என்று திருப்பிக் கேட்கத்தானே வேண்டும்?

வெயில் வண்ணத்தை என்ன செய்கிறது? வண்ணப்பூச்சில் நிறமித் துகள்களும் அவற்றைப் பிடித்து வைக்கும் பசையும் இருக்கின்றன. புறஊதாக் கதிர் பசையைத் தின்றுவிடுகிறது. துகள்கள் மாவாக மேலே நிற்கின்றன. பழைய சுவரில் சாய்ந்தால் சட்டையில் ஒட்டுகிறதே, அதே மாவு. சொரசொரப்பான அந்தப் பரப்பில் பட்ட வெள்ளை ஒளி நாலாபக்கமும் சிதறி நிறத்தோடு கலந்துவிடுவதால் நிறம் வெளுத்ததாகத் தெரிகிறது. நிறமியெல்லாம் செத்துவிட்டதாகப் பொருளில்லை. தண்ணீர் தெளித்தால் இடுக்குகள் நிரம்பிச் சிதறல் குறையும். பழைய நிறம் எட்டிப்பார்க்கும். விழுந்து நொறுங்கிய விமானத்தின் தகட்டை ஆராய்பவர்கள் மேல்மாவை மெல்லத் தேய்த்து அகற்றிவிட்டு, அல்லது பெயர்ப்பலகைக்கு அடியில் வெயில் படாத இடமாகப் பார்த்து, நிறத்தை அளக்கிறார்கள். அங்கேயும் ஒரு பொறி உண்டு. பழைய பசை நாளாக நாளாக மஞ்சளிக்கும். நீலத்தின் மேல் மஞ்சள் படலம் படிந்தால் பச்சை.

அப்பத்தாவின் முகூர்த்தப் பட்டு டிரங்குப் பெட்டியில் இருக்கிறது. வெளிமடிப்பு வாழைப்பூ மடல்போல் மங்கிவிட்டது. உள்மடிப்பில் இன்னும் அடர்ந்த அரக்கு. அதுவும் படத்தில் கறுப்பாகத்தான் விழுந்திருக்கிறது. கொள்ளுத்தாத்தாவின் கணக்கு நோட்டிலும் "அரக்குப் பட்டு 1" என்று எழுதியிருக்கிறது. படம், பொருள், ஏடு மூன்றும் ஒத்துப்போவது அபூர்வம். விமான ஆராய்ச்சியில் அப்படி ஒரு நாள் அமைந்தால் நான் ஜிகர்தண்டா வாங்கிக் கொடுப்பேன்.

நிறம் தெரிந்துவிட்டது என்றே வைத்துக்கொள்வோம். போர்க்கால நிறங்கள் பல பிற்காலத்துப் பிரிட்டிஷ் தர அட்டவணையிலும் உண்டு. 381சி என்ற அட்டவணையில் டார்க் எர்த் 450, கரும்பச்சை 641. அந்த எண்ணுக்குப் பொருந்துவதாகச் சொன்ன பெயின்ட் டப்பாவை ஒரு கடையில் டியூப் லைட் வெளிச்சத்தில் ஒப்பிட்டு வாங்கினேன். வீட்டு மாடியில் வெயிலில் பார்த்தால் பாசி. ஏமாந்தது என் தவறு. விளக்குத்தூண் பக்கத்துத் துணிக்கடைகளில் சேலை எடுக்கும் பெண்கள் யாரும் இந்தத் தவற்றைச் செய்வதில்லை. சேலையை வாசலுக்கு எடுத்துப்போய் வெளிச்சத்தில் பிரித்துப் பார்த்த பிறகுதான் விலையே பேசுவார்கள்.

அவர்கள் செய்வது அறிவியல். நம் கண்ணில் நிறம் காண மூன்றே வகைக் கூம்பு அணுக்கள். ஒரு பரப்பு ஒவ்வொரு அலைநீளத்தையும் எவ்வளவு திருப்பி அனுப்புகிறது என்ற நீண்ட வரைகோட்டை அவை மூன்று எண்களாகச் சுருக்கிவிடுகின்றன. வெவ்வேறு வரைகோடுகள் ஒரே மூன்று எண்களில் வந்து முடியலாம். ஒரு விளக்கில் இரட்டையராகத் தெரிந்த இரண்டு நிறங்கள் இன்னொரு விளக்கில் பங்காளிகளாகப் பிரிந்துவிடும். குரோம் மஞ்சளையும் பிரஷ்யன் நீலத்தையும் கலந்து செய்த பழைய பச்சையும், தாலோசயனைன் நிறமியில் செய்யும் இன்றைய பச்சையும் அப்படிப்பட்ட ஜோடி. டியூப் லைட்டின் ஒளி சில அலைநீளங்களில் மட்டும் குத்திட்டு எழுவது. இடைப்பட்ட வேறுபாடுகளை அது காட்டாமல் விழுங்கிவிடும். நிறமாலை அளவி 400 முதல் 700 நானோமீட்டர் வரை படிப்படியாக அளந்து முழு வரைகோட்டையும் தருவதால் அதை ஏமாற்றுவது கடினம். கணினித் திரையில் தெரியும் நிறக்கட்டத்தையும் புத்தகத்தில் அச்சிட்ட நிறக்கட்டத்தையும் நான் நம்புவதில்லை. திரையின் மூன்று ஒளியும் அச்சின் நான்கு மையும் வேறு வேறு சமையல்.

கடைசியாக, மாடல்காரர்கள் ஓயாமல் சண்டை போடும் விஷயம். 72-இல் ஒரு பங்கு மாடலுக்கு அசல் வண்ணத்தை அப்படியே அடித்தால் மிகவும் கருத்துத் தெரிகிறது. கொஞ்சம் வெள்ளை கலக்க வேண்டும் என்பது பழைய விதி. 'தூரத்துப் பொருளைக் காற்று வெளுக்க வைக்கிறது, யானைமலை நகரத்திலிருந்து பார்த்தால் சாம்பல் நீலம் இல்லையா' என்பார்கள். கணக்குப் போட்டுப் பார்த்தேன். மாடலை 30 சென்டிமீட்டரிலிருந்து பார்ப்பது அசலை 21.6 மீட்டரிலிருந்து பார்ப்பதற்குச் சமம். பார்வைத் தூரம் 10 கிலோமீட்டர் என்றால், அவ்வளவு தொலைவில் பொருளின் மாறுபாடு 2 சதவீதமாகத் தேய்கிறது என்று பொருள். அதே விகிதத்தில் 21.6 மீட்டரில் தேய்வது 1 சதவீதம்கூட இல்லை. காற்றின் மேல் போடும் பழி நிற்காது.

ஆனாலும் மாடல் கருத்துத் தெரிவது உண்மை. அதற்குக் காரணம் வெளிச்சம். உச்சிவெயிலில் தரையில் விழும் ஒளி சுமார் ஒரு லட்சம் லக்ஸ். என் கூடத்தில் சில நூறு. வெளிச்சம் குறைந்தால் அதே பரப்பின் நிறம் நம் கண்ணுக்கு வாடித் தெரியும். நிறம் விரிந்த அளவும் சேர்ந்துகொள்கிறது: கடையில் நிற அட்டையின் சின்னக் கட்டத்தில் அடக்கமாகத் தெரிந்த வண்ணம், வீட்டுச் சுவர் முழுக்க அடித்ததும் பளிச்சென்று கூவும். ஆகவே வெள்ளை கலப்பதை ஏற்கிறேன், சொன்ன காரணத்தைத்தான் ஏற்கவில்லை. எவ்வளவு கலப்பது என்பதற்குச் சூத்திரம் வைத்திருப்பவர்களிடம், உங்கள் வீட்டில் எத்தனை வாட் பல்பு என்று கேட்டுக்கொள்கிறேன்.

என் ஹரிக்கேனுக்கு நேற்று வெளிர் நீல வட்டம் வைத்தேன். மாடியில், காலை வெயிலில் கலக்கியது. அப்பத்தாவின் சேலையில்தான் ஒன்று பாக்கி. படத்தில் அதன் உடல் கறுப்பு, கரை வெளிர். அரக்குச் சேலைக்கு நீலக் கரை என்கிறார் மேலூர் அத்தை. பச்சை என்கிறார் சோழவந்தான் அத்தை. ஆர்த்தோ பிலிமில் இரண்டும் வெளிறித்தான் விழும். கணக்கு நோட்டு கரையைப் பற்றிப் பேசவில்லை. சேலையை விரித்துப் பார்த்துவிடலாமே என்றால், பணமுடையான ஒரு வருடத்தில் கரையை மட்டும் வெட்டி, சரிகையிலிருந்த வெள்ளிக்காக விற்றுவிட்டார்கள்.