முலாம் பட்டறைக் கழிவுநீர்: கரைந்த உலோகத்தைச் சேறாக்குவது எப்படி

சோறு வடித்த கஞ்சியையும் எண்ணெய்ப் பிசுக்கையும் நுண்ணுயிர்கள் தின்று தீர்த்துவிடும். நிக்கல், செம்பு, குரோமியம் எல்லாம் தனிமங்கள். அவற்றைத் தின்று தீர்க்க எந்த உயிராலும் முடியாது. தண்ணீரில் இருப்பதைச் சேற்றுக்கு மாற்றலாம், சேற்றிலிருந்து மீட்கலாம். அதற்கு மேல் வழியில்லை. மலேசியாவின் பினாங்குப் பாலத்துக்கு அக்கரையில், 1972இல் தொடங்கிய பாயான் லெப்பாஸ் தொழிற்பேட்டையில் மின்னணுப் பாகங்கள். இக்கரையில் பிறை என்ற ஊர்ப் பக்கம் உலோக வேலைகள். எங்கே முலாம் பூசினாலும் பொருளைக் கழுவிய தண்ணீரில் உலோகம் இருக்கும். அது தப்பிப்போய்க் கடலோரச் சேற்றில் படிந்தால், அங்கே வாழும் கெராங் சிப்பி உடம்பில் சேர்த்துக்கொள்ளும். பிறகு அதன் வழி, அந்தச் சிப்பியைப் போட்டு வறுக்கும் குவே தியாவ் நூடுல்ஸ் தட்டுக்குத்தான்.

மலேசியாவின் 2009ஆம் ஆண்டுத் தொழிற்சாலைக் கழிவுநீர் விதிகளில் இரண்டு தரங்கள் உண்டு. குடிநீர் எடுக்கும் இடத்துக்கு மேற்புறம் தண்ணீரை விடும் ஆலைக்கு 'ஏ' தரம், மற்றவற்றுக்கு 'பி' தரம். நிக்கலுக்கு ஏ தரத்தில் லிட்டருக்கு 0.20 மில்லிகிராம், பி தரத்தில் 1.0. ஈயத்துக்கு 0.10, 0.5. ஆறு இணைதிறன் குரோமியத்துக்கு (குரோமியத்தின் நச்சு மிகுந்த வடிவம்) இரண்டிலும் ஒரே எல்லை: 0.05.

இந்த எண்களை எட்டுவதற்கான போராட்டம் சுத்திகரிப்புத் தொட்டியில் தொடங்குவதில்லை, முலாம் தொட்டியின் விளிம்பிலேயே தொடங்கிவிடுகிறது. பொருளைத் தூக்கும்போது ஒட்டிக்கொண்டு வரும் கரைசல்தான் கழிவின் பெரும்பகுதி. தொட்டிக்கு மேலேயே பத்து விநாடி சொட்டவிட்டால் கழுவும் தொட்டிக்குப் போவது நன்றாகக் குறையும். கழுவும் முறையும் முக்கியம். ஒட்டி வந்த ஒரு லிட்டர் கரைசலை ஆயிரத்தில் ஒரு பங்காக நீர்க்க, ஒரே தொட்டியில் கழுவினால் ஏறக்குறைய 1000 லிட்டர் தண்ணீர் வேண்டும். இரண்டு தொட்டிகள் வைத்து, பொருள் ஒரு திசையிலும் தண்ணீர் எதிர்த்திசையிலும் போகுமாறு அமைத்தால் சுமார் 32 லிட்டர் போதும். நிக்கல் தொட்டி 50 முதல் 60 பாகை சூட்டில் ஓடுவதால் தண்ணீர் ஆவியாகிக்கொண்டே இருக்கும். முதல் கழுவுநீரை அந்தக் குறையை நிரப்பவே திருப்பி ஊற்றலாம். இதைச் செய்யாமல் பெரிய சுத்திகரிப்பு பிளாண்ட் கட்டுவது, ஓட்டைக் குடத்துக்குக் கூடுதல் தண்ணீர் இறைப்பது போலத்தான்.

அடுத்தது குழாய்களைப் பிரிப்பது. சயனைடு உள்ள நீரும் அமில நீரும் ஒரே கால்வாயில் சேர்ந்தால் ஹைட்ரஜன் சயனைடு வாயு கிளம்பி ஆளைக் கொல்லும். சயனைடு நீரைத் தனியாக எடுத்து, பிஹெச் (அமில-கார அளவு; 7க்குக் கீழே அமிலம், மேலே காரம்) 10க்கு மேல் வைத்து, ஹைப்போகுளோரைட் (பிளீச்) சேர்க்க வேண்டும். பிஹெச் அதற்குக் கீழே இறங்கினால் நச்சு வாயுவான சயனோஜன் குளோரைடு தங்கிவிடும். இது முடிந்த பிறகு, இரண்டாம் கட்டமாக, பிஹெச்சை 8.5 அளவுக்கு இறக்கி மீதியையும் உடைக்கலாம்.

குரோமியத்துக்கு நேர்மாறான வழி. மஞ்சள் நிறத்தில் வரும் ஆறு இணைதிறன் குரோமியத்தில் எவ்வளவு காஸ்டிக் சோடா ஊற்றினாலும் வீழ்படிவு (கரையாமல் படியும் திடப்பொருள்) வராது. கந்தக அமிலத்தால் பிஹெச்சை 2 முதல் 2.5 வரை இறக்கி, சோடியம் மெட்டாபைசல்ஃபைட் சேர்த்து, அதை மூன்று இணைதிறனுக்கு மாற்ற வேண்டும். கணக்குப்படி ஒரு கிலோ குரோமியத்துக்கு 2.7 கிலோ, நடைமுறையில் 3 கிலோவுக்கு மேல் போகும். மஞ்சள் பச்சையாக மாறும், ஆக்சிஜனேற்றத் திறனை அளக்கும் ஓ.ஆர்.பி. மீட்டர் 250 முதல் 300 மில்லிவோல்ட் வரை இறங்கும், பதினைந்து இருபது நிமிடத்தில் வேலை முடிந்துவிடும். பிஹெச் 4க்கு ஏறினால் வினை ஊர்ந்துதான் போகும். மூக்கைத் துளைக்கும் கந்தக நெடி அடித்தால் மருந்து அதிகமாகிவிட்டது.

இவற்றுக்குப் பிறகுதான் பொதுத் தொட்டி. காஸ்டிக் அல்லது சுண்ணாம்பு சேர்த்துப் பிஹெச்சை ஏற்றினால் உலோகங்கள் ஹைட்ராக்சைடாக மாறித் திரிந்த பால் போலத் திரளும். சிக்கல் என்னவென்றால், ஒவ்வொன்றுக்கும் உகந்த பிஹெச் வேறு. குரோமியத்துக்கு 7.5 முதல் 8. செம்புக்கு 8.5 முதல் 9. துத்தநாகத்துக்கு 9 முதல் 9.5. நிக்கலுக்கு 10க்கு மேல். குரோமியமும் துத்தநாகமும் அளவு கடந்தால் மறுபடி கரைந்துவிடும். நிக்கலுக்காகப் பிஹெச்சை 10.5க்கு ஏற்றினால் துத்தநாகம் தப்பிக்கும். துத்தநாகத்துக்காக 9இல் நிறுத்தினால் நிக்கல் தண்ணீரிலேயே தங்கிவிடும். கலப்பு நீருக்குப் பெரும்பாலோர் 9.5 பக்கம் நிற்கிறார்கள். அது சமரசம், சரியான விடையல்ல. நிக்கல் நீர் அதிகமாக இருந்தால் தனியாகச் சுத்தப்படுத்துவதே மலிவு.

வெளியேறும் நீரின் பிஹெச் 9ஐத் தாண்டக்கூடாது என்பதால் கடைசியில் அமிலம் சேர்த்து இறக்குவார்கள். சேற்றைப் பிரித்து எடுத்த பிறகுதான் அதைச் செய்ய வேண்டும். மிதக்கும் துகள்கள் இருக்கும்போதே இறக்கினால், பாடுபட்டு வீழ்த்திய உலோகம் கரைந்து தண்ணீருக்கே திரும்பிவிடும்.

திரண்ட துகள் மிகச் சிறியது, தானாகப் படியாது. லிட்டருக்கு 50 முதல் 200 மில்லிகிராம், துகள்களைத் திரட்டும் பாலி அலுமினியம் குளோரைடை ஓரிரு நிமிடம் வேகமாகக் கலக்கி, பிறகு திரளைப் பெரிதாக்கி ஒட்டவைக்கும் பாலிமரை 1 முதல் 3 மில்லிகிராம் சேர்த்து மெதுவாக, நிமிடத்துக்கு 20 முதல் 30 சுற்று வேகத்தில் பத்துப் பதினைந்து நிமிடம் சுற்ற வேண்டும். பாலிமர் கரைப்பதில்தான் அதிகப் பிழை நடக்கிறது. 1000 லிட்டர் தண்ணீருக்கு ஒரு கிலோ பொடி. அதைச் சுழலும் நீரில் தூவிப்போட வேண்டும், மொத்தமாகக் கொட்டினால் ஜவ்வரிசி போல உருண்டை உருண்டையாக நின்றுவிடும். ஒரு மணி நேரம் ஊறிய பிறகு பயன்படுத்தலாம். உருவான திரளை வேகமான பம்பில் தள்ளினால் நொறுங்கிவிடும், ஒருமுறை நொறுங்கியது பழையபடி சேராது.

பிறகு சாய்ந்த தகடுகள் கொண்ட படிவுத் தொட்டி. தகடுகளின் கிடைப்பரப்பில் ஒரு சதுர மீட்டருக்கு மணிக்கு 0.5 முதல் 1 கனமீட்டர் நீர்தான் தாங்கும். பிறையில் மாலை மழை கொட்டும்போது இதுதான் முதலில் உடையும். 100 சதுர மீட்டர் முற்றத்தில் 50 மில்லிமீட்டர் மழை என்றால் 5000 லிட்டர். முற்றத்துக் கால்வாயைச் சேகரிப்புத் தொட்டியோடு இணைத்திருந்தால் அத்தனையும் படிவுத் தொட்டிக்கு வந்து, படிந்த சேறு மேலே கிளம்பிவிடும்.

முலாம் தொட்டியைக் காலி செய்யும் நாள் இன்னும் மோசம். லிட்டருக்கு 60 கிராம் நிக்கல் உள்ள பழைய கரைசலை 200 லிட்டர் திறந்துவிட்டால் 12 கிலோ நிக்கல். நாளுக்கு 100 கனமீட்டர் ஓடும் பிளாண்டில் அது லிட்டருக்கு 120 மில்லிகிராம் ஏற்றம். வீழ்த்த 16 கிலோ காஸ்டிக் ஆகும், வரும் உலர் சேறு 19 கிலோ, பிழிந்த ஈரச் சேறாகச் சுமார் 60 கிலோ. மருந்துப் பம்ப் அத்தனை வேகத்தில் கொடுக்காது. அந்தக் கரைசலைப் பீப்பாயில் வைத்து, நாளுக்குச் சில லிட்டர் வீதம் விடுவதே வழி. உலோகம் மீட்பவருக்குக் கொடுக்க முடிந்தால் இன்னும் நல்லது.

வெளிநீரில் அளவு மிஞ்சினால் மருந்தைக் கூட்டுவதற்கு முன் ஒரு சோதனை செய்யலாம். ஒரு மாதிரியை அப்படியே, இன்னொன்றை 0.45 மைக்ரான் வடிதாளில் வடித்து அளந்து பார்க்கவும். வடித்ததில் உலோகம் குறைந்தால் துகள் தப்புகிறது: பாலிமர், ஓட்டம், மணல் வடிகட்டி இவற்றைப் பார்க்கவும். வடித்தும் குறையவில்லை என்றால் உலோகம் கரைந்தே இருக்கிறது: பிஹெச் தவறு, அல்லது வேறொன்று அதைப் பிடித்துவைத்திருக்கிறது. பிஹெச் மின்முனையில் சுண்ணாம்பு படிந்தால் மீட்டர் காட்டும் எண் பொய். நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் கழுவி, பிஹெச் 4, 7, 10 என்று அளவு தெரிந்த தாங்கல் கரைசல்களில் வாரம் ஒருமுறை சரிபார்க்க வேண்டும்.

பிடித்துவைப்பவை அமோனியா, ஈ.டி.டி.ஏ., சிட்ரிக் அமிலம் போன்றவை. செம்பு வடிநீர் தெளிவாக இருந்தும் ஆழ்ந்த நீலமாகத் தெரிந்தால் அமோனியா கலந்திருக்கிறது. எத்தனை முறை பிஹெச் ஏற்றினாலும் அசையாது. இதற்குச் சல்ஃபைடு வழி உண்டு: செம்பு சல்ஃபைடு ஹைட்ராக்சைடைவிடப் பல மடங்கு கரையாதது. ஆனால் சோடியம் சல்ஃபைடு அமில நீரில் பட்டால் ஹைட்ரஜன் சல்ஃபைடு வாயு வரும், எனவே காரத்தன்மை உள்ள தொட்டியில் மட்டுமே. உலோகத்தைப் பிடித்து வீழ்த்தும் டைதயோகார்பமேட் வகை மருந்தில் இந்த வாயுத் தொல்லை குறைவு, ஆனால் விலை கூடுதல், மிஞ்சினால் மீனுக்கு நஞ்சு. ஆறு முகவைகளில் (சோதனைக் குவளைகளில்) வெவ்வேறு அளவு போட்டுப் பார்த்து, உலோகம் இறங்கும் மிகக் குறைந்த அளவைத் தேர்ந்தெடுக்க வேண்டும்.

கடைசியில் மிஞ்சுவது சேறு. தொட்டியடியில் 2, 3 சதவீதத் திடப்பொருளாக இருப்பதை ஃபில்டர் பிரஸ் 30, 35 சதவீதமாகப் பிழிகிறது. கட்டி துணியிலிருந்து உதிராமல் வழுவழுப்பாக ஒட்டினால் பிழியும் நேரம் போதவில்லை, அல்லது துணி அடைத்துக்கொண்டது. மலேசிய விதிப்படி இது எஸ்.டபிள்யூ. 204 வகை அட்டவணைக் கழிவு (சட்டம் பட்டியலிட்ட ஆபத்துக் கழிவு). 180 நாளுக்கு மேலோ, மொத்தம் 20 டன்னுக்கு மேலோ ஆலையில் வைத்திருக்கக்கூடாது. கூரை இல்லாத இடத்தில் வைத்தால், அமில நீர் பட்ட இடத்தில் உலோகம் மறுபடி கரைந்து தரையோடு ஓடும். பையில் பெயர்ச்சீட்டும் தேதியும் எழுதி, உரிமம் பெற்ற லோரி வரும்வரை உலர்ந்த தரையில் வைக்கவும்.