தரவரிசையை ஓரமாக வையுங்கள், வேலைவாய்ப்பு அறிக்கையை எடுங்கள்

வெளிநாட்டில் எம்பிஏவோ நிதித்துறை முதுகலையோ படிக்க ஆலோசனை கேட்டு வருபவர்கள் பெரும்பாலும் கையில் ஒரு பட்டியலோடுதான் வருகிறார்கள். ஏதோ ஒரு தரவரிசையின் முதல் ஐம்பதிலிருந்து உருவியது. “இதில் எது பெஸ்ட்?” என்று கேட்பார்கள். பதிலுக்கு நான் இரண்டு கேள்வி கேட்பேன். எத்தனை வருடம் வேலை பார்த்திருக்கிறீர்கள்? படித்து முடித்ததும் எந்த ஊரில், என்ன வேலையில் சேர நினைக்கிறீர்கள்? இரண்டாவதற்கு “ஃபைனான்ஸில் ஏதாவது” என்று பதில் வந்தால், அன்றைக்குப் பட்டியலைத் திறப்பதில் பயனில்லை.

ஏனென்றால் இந்தப் பட்டங்களில் ஒன்றுக்குப் பதில் இன்னொன்று ஆகாது. எம்பிஏ, சில வருடம் வேலை பார்த்தவர்கள் துறையையோ பொறுப்பையோ மாற்றிக்கொள்ளப் படிப்பது. அனுபவமே இல்லாதவர்களுக்கு ஐரோப்பாவில் ‘மாஸ்டர்ஸ் இன் மேனேஜ்மென்ட்’ இருக்கிறது. நிதி முதுகலையிலும் இப்படி இரண்டு ரகம் உண்டு. லண்டன் பிசினஸ் ஸ்கூலில் ‘மாஸ்டர்ஸ் இன் ஃபைனான்ஸ்’ என்பது நிதித்துறையில் ஏற்கெனவே வேலை பார்த்தவர்களுக்கு. கல்லூரி முடித்த கையோடு போகிறவர்களுக்கு ‘மாஸ்டர்ஸ் இன் ஃபைனான்ஷியல் அனாலிசிஸ்’ என்று தனியாக ஒன்று. பெயரை மட்டும் பார்த்து விண்ணப்பித்தால் கட்டணம்தான் நஷ்டம். அப்புறம் நிதிப் பொறியியல். அமெரிக்காவில் கார்னகி மெலன், பெர்க்லி, பாரூக் போன்ற இடங்களில் நடத்தும் இந்தப் படிப்பைத் திறந்து பார்த்தால் நிகழ்தகவு, ஸ்டோகாஸ்டிக் கால்குலஸ் (தற்செயலாக மாறும் அளவுகளுக்கான கணிதம்), நிரல் எழுதுதல் என்றுதான் இருக்கும். வங்கி வேலை என்று நினைத்துப் போகிறவர் முதல் மாதமே திணறிவிடுவார்.

தரவரிசையே வேண்டாம் என்று சொல்லவில்லை. எதை அளக்கிறது என்று தெரிந்து படியுங்கள் என்கிறேன். பைனான்சியல் டைம்ஸ் எம்பிஏ பட்டியலில் வரும் சம்பளம், படிப்பு முடிந்து மூன்று வருடம் கழித்து முன்னாள் மாணவர்கள் சொல்வது. அதையும் நாட்டுக்கு நாடு வாங்கும் திறனைக் கணக்கிட்டுச் சரிக்கட்டியிருப்பார்கள். வங்கிக் கணக்கில் விழும் தொகை அது அல்ல. போதாக்குறைக்கு, இந்தப் பட்டியல்களுக்கான தகவலில் பெரும்பங்கைப் பிசினஸ் பள்ளிகளேதான் தருகின்றன. அமெரிக்காவின் டெம்பிள் பல்கலைக்கழக பிசினஸ் பள்ளியின் முன்னாள் டீன், தரவரிசைக்குப் பொய்த் தகவல் தந்த மோசடி வழக்கில் 2021 நவம்பரில் குற்றவாளி என்று தீர்ப்பானார். 2022 மார்ச்சில் 14 மாதச் சிறைத் தண்டனை. அந்தப் பள்ளியின் ஆன்லைன் எம்பிஏ அதற்கு முன் தொடர்ந்து சில வருடம் முதலிடத்தில் இருந்தது.

ஆனால் யாரும் பொய் சொல்லாமலே ஏமாற வழி உண்டு. அது பள்ளிகள் வெளியிடும் வேலைவாய்ப்பு அறிக்கையில் இருக்கிறது. “படிப்பு முடிந்த மூன்று மாதத்தில் 90 சதவீதம் பேருக்கு வேலை” என்று போட்டிருப்பார்கள். ஒரு மாதிரிக் கணக்குப் போட்டுப் பார்ப்போம். வகுப்பில் 200 பேர். 50 பேர் ‘வேலை தேடவில்லை’: கம்பெனி செலவில் வந்தவர்கள், சொந்தத் தொழில் தொடங்குகிறவர்கள், மேலே படிக்கப் போகிறவர்கள். 20 பேரைப் பற்றித் ‘தகவல் இல்லை’. மிச்சம் 130 பேர். அவர்களில் 117 பேருக்கு வேலை. 130-க்கு 117 என்றால் சரியாக 90 சதவீதம். 200-க்கு 117 என்றால் 58.5. இரண்டும் உண்மைதான், ஆனால் கடன் வாங்கப் போகிறவர் தெரிந்துகொள்ள வேண்டியது இரண்டாவதையும் சேர்த்து. வேலை கிடைக்காமல் சோர்ந்துபோனவர் அந்த ‘தகவல் இல்லை’ கட்டத்துக்குள்தான் பெரும்பாலும் போய்ச் சேருகிறார் என்பது என் சந்தேகம். சராசரிச் சம்பளமும் சொன்னவர்கள் சொன்னதை வைத்துத்தான். எத்தனை பேர் சொன்னார்கள் என்ற எண் அடிக்குறிப்பில் இருக்கும், அதையும் பாருங்கள்.

அமெரிக்கப் பள்ளிகளின் எம்பிஏ அறிக்கைகளில் இன்னொரு அட்டவணை வரும். நிரந்தர வேலை அனுமதி உள்ளவர்கள், இல்லாதவர்கள் என்று பிரித்திருப்பார்கள். விசாவில் போகிற உங்களுக்கான வரிசை இரண்டாவது. மொத்த சதவீதத்துக்கும் அந்த வரிசைக்கும் எவ்வளவு இடைவெளி என்று பாருங்கள். ஓராண்டு முதுகலைகளுக்கு இவ்வளவு விவரமான அறிக்கை பல இடங்களில் வெளியிடுவதே இல்லை. அப்போது கேட்டு வாங்குவதைத் தவிர வழியில்லை.

விசா என்றதும் ஒரு சின்ன எண் நினைவுக்கு வருகிறது. அமெரிக்கப் பல்கலைக்கழகம் மாணவர் விசாவுக்காக அனுப்பும் ஐ-20 படிவத்தில் படிப்பின் பெயருக்குப் பக்கத்தில் ஆறு இலக்கக் குறியீடு அச்சாகியிருக்கும். 52.0801 என்றால் பொதுவான நிதி; அது அமெரிக்க அரசின் ஸ்டெம் (அறிவியல், தொழில்நுட்பம், பொறியியல், கணிதம்) பட்டியலில் இல்லை. 27.0305 என்றால் நிதிக் கணிதம், ஸ்டெம். முதலாவதில் படித்தவருக்குப் படிப்புக்குப் பின் வேலை பார்க்க ஓபிடியில், அதாவது மாணவர் விசாவிலேயே கிடைக்கும் வேலை அனுமதியில், 12 மாதம். இரண்டாவதில் படித்தவர் கூடுதலாக 24 மாதம் நீட்டிப்புக்கு விண்ணப்பிக்கலாம். எச்-1பி வேலை விசாவுக்கான குலுக்கலில் ஒரு தடவைக்குப் பதில் இரண்டு மூன்று தடவை பெயர் கொடுக்க அந்த நீட்டிப்புத்தான் இடம் தருகிறது. ஒரே மாதிரிப் பெயருள்ள இரண்டு படிப்புகள் வெவ்வேறு குறியீட்டில் இருக்கலாம். சேருவதற்கு முன்பே பல்கலைக்கழகத்திடம் கேளுங்கள். பிரிட்டனில் 2021 ஜூலையில் வந்த கிராஜுவேட் விசா, முதுகலை முடித்தவர்கள் தங்கி வேலை பார்க்க இரண்டு வருடம் தந்தது. 2027 ஜனவரி 1 முதல் விண்ணப்பிப்பவர்களுக்கு அது 18 மாதம் ஆகிறது. இந்த விதிகள் மாறிக்கொண்டே இருப்பவை. போன வருடம் போன அண்ணன் சொன்னதை நம்பாமல் அரசு இணையதளத்தில் பாருங்கள்.

ஓராண்டுப் படிப்புக்குப் போகிறவர்கள் பலரும் கவனிக்காதது காலக்கணக்கு. வகுப்பு செப்டம்பரில் தொடங்கும். ஆனால் லண்டனின் பெரிய முதலீட்டு வங்கிகள் அடுத்த வருட வேலைகளுக்கான விண்ணப்பத்தைக் கோடையிலேயே திறந்துவிடும். வர வர இடத்தை நிரப்பிக்கொண்டே போவார்கள். ஊருக்குப் போய், வீடு பார்த்து, முதல் தேர்வு முடிந்ததும் ரெஸ்யூமே எழுதலாம் என்று இருந்தால் பாதிக் கதவு மூடியிருக்கும். இரண்டு வருட எம்பிஏவில் நடுவில் ஒரு கோடை கிடைக்கும், அங்கே செய்யும் பயிற்சிதான் பலருக்கு வேலையாகிறது. பிரான்ஸில் உள்ள இன்சியாட் பள்ளியின் பத்து மாத எம்பிஏவில் அந்தக் கோடை ஜனவரியில் சேருகிறவர்களுக்கு மட்டும்; செப்டம்பரில் சேருகிறவர்களுக்கு நடுவில் கோடை இடைவேளை இல்லை. துறை மாற நினைப்பவருக்கு இது சின்ன விஷயம் இல்லை.

பாரிஸ், மிலன், ஃப்ராங்க்ஃபர்ட் பக்கம் போகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. பாடம் ஆங்கிலத்தில் நடக்கும். அலுவலகம் அப்படி இருக்கும் என்று எதிர்பார்க்காதீர்கள். மொழி வகுப்பு இப்போதே தொடங்கலாம்.

அங்கீகாரம்: பிசினஸ் பள்ளிகளுக்குச் சர்வதேச அளவில் தரும் ஏஏசிஎஸ்பி, ஈக்விஸ், ஆம்பா ஆகிய மூன்று அங்கீகாரங்களில் ஒன்றாவது இருக்கிறதா பாருங்கள். இருப்பதாலேயே படிப்பு நல்லது என்று ஆகாது. ஒன்றுகூட இல்லையென்றால் ஏன் என்று கேளுங்கள்.

என் தொழிலைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். இலவசமாக ஆலோசனை தரும் ஏஜென்டுகள் பலருக்கு, நீங்கள் சேர்ந்த பிறகு பல்கலைக்கழகம் கமிஷன் தரும். அது சட்டவிரோதம் இல்லை; ஆனால் கமிஷன் தராத பள்ளியின் பெயர் அவர் வாயில் வராமலே போகலாம். “இந்தப் பட்டியலில் உங்களுக்குப் பணம் தருகிறவை எவை?” என்று முகத்துக்கு நேரே கேட்கலாம், தவறே இல்லை. என்னிடமும் கேளுங்கள்.

சேர்க்கைக் கடிதம் வந்தால் முன்பணம் கட்ட ஒரு கெடு இருக்கும். பெரும்பாலும் திரும்பி வராத பணம். அந்தக் கெடுவுக்குள் பள்ளியின் வேலைவாய்ப்பு அலுவலகத்துக்கு ஒரு மின்னஞ்சல் போடுங்கள்: போன வருடம் இதே பட்டத்தில், என்னைப் போல விசா தேவைப்பட்டவர்களில் எத்தனை பேர் நிதி வேலைக்குப் போனார்கள், எந்த நிறுவனம், என்ன பதவி? சில பள்ளிகள் நேராகப் பதில் சொல்லும். சில, பளபளப்பான பிரசுரத்தை இணைத்து அனுப்பும். லிங்க்ட்இன்னில் அந்தப் பட்டத்தையும் வருடத்தையும் போட்டுத் தேடுங்கள். பிரசுரத்தில் சிரிக்கிறவர்களை விட்டுவிட்டு, படிப்பு முடிந்து வேலை கிடைக்க எட்டு பத்து மாதம் ஆனவர்கள் இரண்டு பேருக்கு எழுதுங்கள். அந்த இடைவெளி அவர்கள் பக்கத்திலேயே தெரியும். மரியாதையாகக் கேட்டால் பலரும் மனம்விட்டுப் பேசுகிறார்கள்.