உதவி செய்யப் போகிறீர்களா? முதலில் அந்த வீட்டாரிடம் கேளுங்கள்

சமூகப் பணியாளராக இருப்பதால் வீடு வீடாகப் போய்ப் பேசுவதுதான் என் அன்றாட வேலை. அப்படி ஒருமுறை ஒற்றை அறை வீடு ஒன்றுக்குப் போயிருந்தேன். தனியாக இரண்டு பிள்ளைகளை வளர்க்கும் பெண்மணி. மூலையில் ஒரு புதுத் தையல் மெஷின். அதன் மேல் மடித்த துணிகள், பிள்ளைகளின் நோட்டுகள், ஒரு மருந்துச் சீட்டு. மெஷினைச் சுற்றியிருந்த பிளாஸ்டிக் உறையைக்கூட இன்னும் முழுசாகப் பிரிக்கவில்லை.

"தைக்கிறீங்களா?" என்று கேட்டேன்.

"எனக்குத் தைக்கத் தெரியாதுக்கா."

"அப்போ வித்துடலாமே?"

"கொடுத்தவங்க திடீர்னு வந்து பார்த்தா என்ன நினைப்பாங்க?"

அவர் தள்ளுவண்டியில் பிளாஸ்டிக் சாமான் விற்றுப் பிழைத்தவர். சக்கரம் உடைந்து, வண்டி இரண்டு மாதமாக வாசலில் சாய்ந்து கிடந்தது. மெஷினைக் கொண்டுவந்தவர்களும் அந்த வண்டியைத் தாண்டித்தான் உள்ளே வந்திருப்பார்கள். அவர்களைத் தேடிப் பிடித்துப் பேசினேன். "ஐயோ, எங்களுக்குத் தெரியாமப் போச்சே, தாராளமா விக்கச் சொல்லுங்க" என்றார்கள். நல்ல மனசுக்காரர்கள். கேட்கத் தோன்றவில்லை, அவ்வளவுதான்.

சரி, எப்படிக் கேட்பது? "உங்களுக்கு என்ன வேண்டும்?" என்று நேராகக் கேட்டால், "எது கொடுத்தாலும் சந்தோஷம்" என்றுதான் பதில் வரும். வேண்டாம் என்று சொன்னால் அடுத்த முறை வரமாட்டார்களோ என்ற பயம் அவர்களுக்கு. அதனால் நான் வேறு மாதிரி கேட்பேன்: "இந்த மாதம் எந்தச் செலவைத் தள்ளிப் போட்டீங்க?" அப்போதுதான் உண்மை வெளியே வரும். வாடகை பாக்கி, அடகில் இருக்கும் தொழில் கருவி, பாட்டியின் கண்ணாடி, ஆஸ்பத்திரிக்குப் போய்வர பஸ் காசு என்று பட்டியல் நீளும். நம் கற்பனைக்கு எட்டாத சின்னச் சின்னத் தேவைகள் அவை. பெரிய பொருளைவிட இதில் ஏதாவது ஒன்றைத் தீர்த்து வைத்தால் அந்த வீடு மூச்சுவிடும்.

பொருளாகத்தான் கொடுப்பேன் என்றால், அதை வைத்துக்கொள்ள ஆகும் செலவையும் யோசியுங்கள். மாடு கொடுத்தால் தீவனம் யார் வாங்குவது? அது பால் கறக்கும்வரை அந்தக் குடும்பம் எதைச் சாப்பிடும்? நோய் வந்தால் மருத்துவருக்கு யார் கொடுப்பது? பங்களாதேஷில் பிராக் (BRAC) என்ற தொண்டு நிறுவனம் 2002-இல் தொடங்கிய திட்டம் இதையெல்லாம் யோசித்து உருவானது. கால்நடையோ தொழிலுக்கான பொருளோ கொடுத்ததோடு, பயிற்சி, சில காலத்துக்குச் சாப்பாட்டுச் செலவு, சேமிப்புப் பழக்கம், அடிக்கடி வீட்டுக்கு வந்து பார்க்கும் ஆள் எல்லாம் சேர்த்துக் கொடுத்தார்கள். இதே முறையை இந்தியா, பாகிஸ்தான், எத்தியோப்பியா, கானா, ஹோண்டுராஸ், பெரு ஆகிய ஆறு நாடுகளில் 10,000-க்கும் மேற்பட்ட குடும்பங்களிடம் சோதித்து, முடிவுகளை 2015-இல் ஆய்வாளர்கள் வெளியிட்டார்கள். திட்டம் முடிந்து ஓராண்டு ஆன பிறகும், உதவி பெற்ற குடும்பங்கள் மொத்தத்தில் மற்றவர்களைவிட மேலான நிலையிலேயே இருந்தன. மாட்டை மட்டும் கட்டிவிட்டு வந்திருந்தால் இது நடந்திருக்கும் என்று எனக்குத் தோன்றவில்லை.

"அப்போ பணமாகவே கொடுத்துவிடலாமே?" என்று கேட்டால், பல நேரம் அதுதான் நல்லது என்பேன். "குடிச்சே அழிச்சிடுவாங்க" என்று உடனே ஒரு குரல் எழும். பல நாடுகளின் ஆய்வுகளை ஒன்றுசேர்த்து 2014-இல் உலக வங்கி ஆய்வாளர்கள் பார்த்தபோது, பண உதவியால் குடியும் புகையும் பொதுவாக அதிகரித்ததாகத் தெரியவில்லை. கென்யாவில் அப்படிப் பணம் பெற்றவர்களில் நிறையப் பேர் புல்கூரையை எடுத்துவிட்டுத் தகரக் கூரை போட்டார்கள். ஒழுகும் வீட்டில் படுத்தவருக்கு எது முதலில் வேண்டும் என்று நாம் சொல்லித் தரத் தேவையில்லை.

ஒன்றே ஒன்றில் மட்டும் கண்டிப்பாக இருக்கிறேன். கைக்குழந்தை உள்ள வீட்டுக்குப் பால் பவுடர் டப்பாவை நாமாக வாங்கிக்கொண்டு போக வேண்டாம். சுத்தமான தண்ணீர் இல்லாத இடத்தில் அதுவே குழந்தைக்கு வயிற்றுப்போக்கை வரவைக்கும். தேவை இருந்தால் சுகாதாரப் பணியாளர் சொல்லட்டும்.

அப்புறம் போட்டோ. பொருளை நீட்டியபடி எடுக்கும் படத்தை நான் இப்போது அனுமதிப்பதில்லை. கணக்கு கேட்பவர்களுக்கு ரசீதை அனுப்பிவிடுகிறேன். முன்பு ஒருமுறை, ஸ்கூல் பை வழங்கும் நிகழ்ச்சியில் ஒரு பையனை மூன்று தடவை மேடையேற்றிப் படம் எடுத்தார்கள், முதல் இரண்டு படமும் சரியாக வரவில்லை என்று. பையின் முன்புறம் கொடுத்தவர்களின் பெயர் பெரிய எழுத்தில் இருந்தது. அடுத்த வாரம் அவன் வீட்டுக்குப் போனேன். பை ஆணியில் அப்படியே தொங்கியது. பள்ளிக்குப் பழைய பையைத்தான் எடுத்துப் போய்க்கொண்டிருந்தான். அந்தப் பெயரின் மேல் ஒரு துணித்துண்டை வைத்து அவன் அம்மா தைத்துக் கொடுத்த பிறகே புதுப் பையைத் தோளில் மாட்டினான்.