நஷ்டம் என்று சொன்னால் கணக்கைக் கேளுங்கள்

மார்த்தாண்டம் பக்கத்தில் ஒரு அண்டி ஆபீஸ், அதாவது முந்திரிக்கொட்டை உடைக்கும் ஆலை. பெயர் வேண்டாம். கூலிப் பேச்சுக்குத் தொழிலாளர் தரப்பில் கணக்குப் பார்க்க என்னைக் கூப்பிட்டிருந்தார்கள். மேசைமேல் கம்பெனியின் வரவு செலவு அறிக்கை. எதிரே, முப்பது வருடமாகக் கொட்டை உடைக்கும் ஒரு அக்கா. கறை ஏறிக் கறுத்த விரலைக் கடைசி வரியில் வைத்து, "நஷ்டம்னுதானே சாரே போட்டிருக்கு? இனி எதைக் கேக்க?" என்றார்.

அந்த வரி பொய்யில்லை. ஆனால் அதற்கு மேலேயும் வரிகள் இருக்கின்றன. புதுக் கொட்டகைக்கும் இயந்திரத்துக்கும் தேய்மானம் என்று பெரிய தொகை ஒன்று. தேய்மானம் நியாயமான செலவுதான், இயந்திரம் பழசாகத்தான் செய்யும். ஆனால் அந்தப் பணம் அந்த வருடம் கல்லாவை விட்டு வெளியே போகவில்லை. இன்னொன்று, முதலாளி குடும்பத்தார் கொடுத்த கடனுக்கு வட்டி. அது கம்பெனியை விட்டுப் போனது, வீட்டை விட்டுப் போகவில்லை. இரண்டையும் தள்ளிவைத்துப் பார்த்தால் அக்கா விரல் வைத்த இடத்தில் லாபம் வந்தது. அதே சமயம், ஆப்பிரிக்காவிலிருந்து வரும் கொட்டையின் விலை ஏறியிருந்ததும் உண்மை, வங்கி வட்டியும் உண்மை. அதையும் அவர்களிடம் மறைக்காமல் சொன்னேன்.

என்னை அதிகம் வருத்தியது வேறு. மூன்று வருடம் முன்பு கம்பெனி கஷ்டப்பட்டபோது, பேசி முடித்த கூலி உயர்வை "ஒரு சீசன் மட்டும்" தள்ளிவைக்க இவர்கள் சம்மதித்திருக்கிறார்கள். எல்லாம் வாய்வார்த்தை. உயர்வு பிறகு வரவே இல்லை.

விமானம் ஓட்டுகிறவர்களும் இந்த வழியாக வந்தவர்கள்தான். அமெரிக்காவின் டெல்டா நிறுவனம் 2004-இல் திணறியபோது அதன் விமானிகள் 32.5 சதவீதச் சம்பளக் குறைப்புக்கு ஒப்புக்கொண்டார்கள். அப்படியும் அடுத்த வருடம் கம்பெனி திவால் பாதுகாப்பு கேட்டு நீதிமன்றம் போனது. கொரோனா கழிந்து விமானங்கள் நிரம்பிய பிறகு, 2023-இல், நான்கு வருடத்தில் 30 சதவீதத்துக்கு மேல் உயர்வு என்று ஒப்பந்தம் போட்டார்கள். லாபத்தில் ஊழியர் பங்கு எவ்வளவு என்பதும் அங்கே எழுத்தில் இருக்கிறது. விமானியை ஒரே நாளில் மாற்றிவிட முடியாது. அந்தப் பலம் நம் அக்காவுக்கு இல்லை. அதனால்தான் அவருக்குக் காகிதம் இன்னும் முக்கியம்.

போனஸில் நஷ்டக் கணக்குக்கு இடம் குறைவு. 1965 போனஸ் சட்டம் சொன்னதுதான் 2019 ஊதியச் சட்டத்தொகுப்பிலும்: நஷ்டமானாலும் வருடக் கூலியில் குறைந்தது 8.33 சதவீதம், அதாவது ஏறக்குறைய ஒரு மாதக் கூலி. உபரி இருந்தால் 20 வரை போகலாம். புதிதாகத் தொடங்கிய கம்பெனிக்கு மட்டும் ஆரம்ப வருடங்களில் சலுகை உண்டு. குறைந்தபட்சக் கூலியோ "கட்டுப்படியாகாது" என்று சொல்லித் தப்பவே முடியாதது. அதைக்கூடக் கொடுக்க முடியாத தொழிலுக்கு நடக்கவே உரிமை இல்லை என்று உச்ச நீதிமன்றம் 1957-இல், கிரவுன் அலுமினியம் வழக்கில் சொல்லிவிட்டது.

சரி, கம்பெனி நிஜமாகவே தவிக்கிறது, விட்டுக்கொடுக்கத்தான் வேண்டும் என்றால் கொடுங்கள். ஆனால் எவ்வளவு, எந்தத் தேதி வரை, எந்த லாபம் வந்தால் திரும்பும் என்று எழுதி வாங்குங்கள். முடிந்தால் தொழிலாளர் அலுவலர் முன்னிலையில் கையெழுத்தாகட்டும். பழைய தொழில் தகராறு சட்டத்தின் பிரிவு எண்ணை வைத்து நாங்கள் 12(3) என்று சொல்லிப் பழகிய அந்த ஒப்பந்தம் அங்கே வேலை செய்யும் எல்லோருக்கும் பொருந்தும்.

அன்று அப்படித்தான் எழுதினோம். வாசித்து முடித்தபோது அக்கா என் கையைப் பிடித்து, "அந்தத் தேதிய இன்னொருக்கா வாசிங்க சாரே" என்றார்.